விறைப்பா, பிடிப்பா, சோர்வா? மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர் கையும் மலையகக் குளிரும்

"கை விறைச்சிருச்சு" என்று மலையகத்தில் ஒருவர் சொன்னால் அதற்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு. விடியற்காலைக் குளிரில் விரல் மடங்காமல் நிற்பது விறைப்பு. உணர்ச்சி மரத்துப்போவதும் விறைப்பு. நரம்பு இழுத்துப் பிடித்துப் பெருவிரல் உள்ளங்கைக்குள் கோணிக்கொள்வதையும், கூடை பாதி நிறையும் முன்பே விரல்கள் தொங்கிவிடுவதையும்கூடப் பலர் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். நோயில்லாத உடம்புக்கு இந்தக் கலப்பால் பெரிய நட்டமில்லை. தசைகள் செய்யச் செய்யத் தளர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் உள்ளவருக்கு நட்டம் உண்டு. இந்த நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றுக்கு உதவும் மருந்து இன்னொன்றைக் கூட்டிவிடும்.

கையில் என்ன வந்தாலும் நோய்க்குப் போடும் பைரிடோஸ்டிக்மின் குளிசை போதவில்லை என்று நினைத்து இன்னுமொன்றைப் போட்டுக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. வந்தது தசைப்பிடிப்பு என்றால், அந்தக் கூடுதல் குளிசையே அடுத்த பிடிப்பைக் கொண்டுவரும்.

இந்த நோயில் பழுது இருப்பது நரம்பிலும் அல்ல, தசையிலும் அல்ல. இரண்டும் சந்திக்கிற இடத்தில். மூளையின் கட்டளை நரம்பு வழியாக வந்து, அதன் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற பொருளாக வெளியாகும். தசையின் பக்கத்தில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் வீட்டையே தாக்குவதுபோல இந்த ஏற்பிகளை மறித்தும் அழித்தும் விடுகிறது. உடல் முழுவதும் நோய் பரவியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேரின் இரத்தத்தில் இந்த ஏற்பிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் காணலாம். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடுகிறவரின் குரலில் குறையில்லை, கேட்கிற காதுகள்தான் குறைந்துவிட்டன. முதலில் உரத்த குரலில் கூப்பிடும்போது போதுமான ஆள் வருகிறது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் குரல் கம்மும்போது வருகிற ஆளும் குறைகிறது. செய்யச் செய்யத் தளர்வது, ஓய்ந்தால் திரும்புவது, காலையைவிட மாலையில் மோசமாவது என்ற இந்த நோயின் குணமெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மயஸ்தீனியா தானாக வலியைத் தராது, மரத்துப்போக வைக்காது, தசையை இழுத்துப் பிடிக்கவும் செய்யாது. அது தருவது தளர்ச்சி மட்டுமே. ஆகவே கையில் பிடிப்போ விறைப்போ வந்தால் "இது அந்த நோய்தான்" என்று விட்டுவிடக் கூடாது. வேறு ஏதோ ஒன்று கூடச் சேர்ந்திருக்கிறது. அது பெரும்பாலும் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய ஒன்றாகவே இருக்கும்.

கையை வைத்தே பிரித்தறிவது

இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டி, உள்ளங்கை நிலம் பார்க்க, விரல்களை விரித்துப் பிடியுங்கள். நோயின் தளர்ச்சி என்றால் சிறிது நேரத்தில் விரல்கள் கீழே சாயத் தொடங்கும். மோதிர விரலும் சின்ன விரலும் முதலில் சாய்வதைப் பலரிடம் பார்க்கலாம். விரலை மடக்கும் தசையைவிட நிமிர்த்தும் தசையைத்தான் இந்த நோய் அதிகம் பிடிக்கிறது. சாய்ந்த விரலை மற்றக் கையால் தூக்கினால் வலியில்லாமல், தடையில்லாமல் நிமிரும். பத்து நிமிடம் கையை மடியில் வைத்திருந்தால் தானாகவும் நிமிரும்.

பிடிப்பு அப்படி அல்ல. திடீரென்று வரும், வலிக்கும். பெருவிரலின் அடியிலுள்ள சதையைத் தொட்டால் உருண்டையாக, கல்லுப்போல இருக்கும். விரலை நிமிர்த்தப் போனால் முதலில் எதிர்க்கும், மெதுவாக இழுத்துப் பிடித்தால் விட்டுக்கொடுக்கும். சில வினாடியிலோ சில நிமிடத்திலோ அடங்கிவிடும்.

மூட்டு விறைப்பு காலையில் எழும்பும்போதே இருக்கும். மற்றக் கையால் வளைத்தாலும் மூட்டு முழுதாக வளையாது. ஆனால் அசைக்க அசைக்க இளகும். மயஸ்தீனியாவுக்கு இது நேர் எதிர்; அங்கே அசைக்க அசைக்கத் தளரும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான்காவது, மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோல இருப்பதும். இது நரம்பு நெரிபடுவதன் அடையாளம். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிக்கலாம். சின்ன விரல் பக்கம் மரத்தால் முழங்கையில் நெரிபடலாம். இரண்டுக்கும் மயஸ்தீனியாக் குளிசையால் பயனில்லை.

குளிசையின் கடிகாரம்

1934இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில், புனித அல்பீஜ் வைத்தியசாலையில் பணிபுரிந்த மேரி வோக்கர் என்ற வைத்தியர், பைசோஸ்டிக்மின் ஊசி போட்டதும் மயஸ்தீனியா நோயாளியின் தளர்ந்த தசைகள் எழும்புவதைக் கண்டார். இன்று நாம் விழுங்கும் பைரிடோஸ்டிக்மின், அதாவது மெஸ்டினோன், அதே வகையைச் சேர்ந்தது. நரம்பு நுனியில் வெளியாகும் அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைத்துவிடும் நொதி ஒன்று இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியைத் தடுக்கிறது. நோய்க்கான காரணத்தை அது தொடுவதில்லை. கூப்பிடுகிற குரலைக் கொஞ்ச நேரம் நீடித்து ஒலிக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

சாதாரண 60 மில்லிகிராம் குளிசை விழுங்கி அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் வேலை தொடங்கும். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். மூன்று, நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். காலை 6 மணிக்குப் போட்டால் 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் உச்சம், 10 மணிக்குள் தேய்வு. கையில் வருகிற தொல்லையை இந்தக் கடிகாரத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அடுத்த குளிசைக்குச் சற்று முன், பத்து மணியை ஒட்டி விரல் தொங்குகிறது என்றால் மருந்து இறங்கிவிட்டது. போட்ட ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் விரல் துடித்து, இழுத்துப் பிடிக்கிறது என்றால் மருந்து அந்த வேளையில் கூடிவிட்டது. இரண்டையும் நோயாளி "கை வேலை செய்யல" என்றே சொல்வார். வைத்தியர் செய்ய வேண்டியதோ ஒன்றுக்கொன்று நேர்மாறானது.

மருந்து கூடிய பிடிப்பு தனியாக வருவது குறைவு. கண் இமையோரமும் கன்னமும் தொடையும் துடிக்கும், வாயில் எச்சில் ஊறும், வியர்க்கும், வயிறு முறுக்கி வயிற்றோட்டம் போகும், சளி கூடும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வயிற்றுத் தொல்லைக்கு வைத்தியர் தனியாக ஒரு மருந்து தரலாம். அது எச்சிலையும் வயிற்றோட்டத்தையும் குறைக்கும், தசைத் துடிப்பையும் பிடிப்பையும் குறைக்காது. வயிறு சரியாகிவிட்டது, ஆகவே மருந்து அளவும் சரி என்று எண்ணிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக் கூடுவதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கலாம். பிரெட்னிசலோன், அசாதியோபிரின் போன்ற மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி நோயை மெல்ல மெல்லக் குறைக்கின்றன. பிரெட்னிசலோனுக்குச் சில வாரம், அசாதியோபிரினுக்குப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். நோய் குறையும்போது பழைய அளவு பைரிடோஸ்டிக்மின் உடம்புக்கு மிகுதியாகிவிடும். போன வருடம் ஐந்து குளிசை தாங்கிய கை இந்த வருடம் மூன்றுக்கே துடிக்கலாம். அளவைக் குறைக்கும் நேரம் வந்திருக்கலாம் என்ற செய்தி அது. மஸ்க் என்ற புரதத்துக்கு எதிரான வேறொரு பிறபொருளெதிரி உள்ள சிறுபான்மையினருக்கோ ஆரம்பத்திலிருந்தே இந்தக் குளிசை சரிவராமல் போவதுண்டு. சிறிய அளவிலேயே துடிப்பும் பிடிப்பும் வந்துவிடும்.

மாற்றத்தை வைத்தியரோடு பேசித்தான் செய்ய வேண்டும். சட்டென்று நிறுத்தினால் விழுங்கவும் மூச்சுவிடவும் உதவுகிற தசைகளும் தளரும். பெரும்பாலும் ஒரு வேளைக்கான 60 மில்லிகிராமை 30 ஆக்கி, இடைவெளியையும் குறைத்துப் பார்ப்பார்கள். உச்சம் தணிந்து நாள் முழுவதும் சமமாகும். ஒரு துண்டு ரொட்டியோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுக் குளிசை போட்டால் வயிற்றுத் தொல்லை குறையும். மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுகிறவர் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு அப்படிப் போட்டால் உச்ச நேரத்தில் சாப்பிடலாம். மெதுவாகக் கரையும் வகைக் குளிசை கிடைத்தால் அதை இடிக்கவோ மெல்லவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே தடவையில் இறங்கிவிடும்.

மருந்தைத் தவிர்ந்த காரணங்கள்

வயிற்றோட்டம் இரண்டு நாள் நீடித்தால் உடலிலிருந்து நீரோடு பொட்டாசியமும் போய்விடும். பிரெட்னிசலோனும் நீர் போகத் தரும் சில குளிசைகளும் பொட்டாசியத்தை இன்னும் குறைக்கும். குறைந்தால் பிடிப்பு வருவதோடு தளர்ச்சியும் கூடும். மயஸ்தீனியா உள்ளவருக்கு இரட்டைச் சுமை. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூள் ஒரு பக்கற்றை ஆறிய கொதிநீர் ஒரு லீற்றரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கீரை எல்லாம் பொட்டாசியம் உள்ள சாப்பாடுதான். சிறுநீரக நோய் உள்ளவரும், பிரஷருக்குச் சில வகைக் குளிசை எடுப்பவரும் கேட்காமல் இவற்றைக் கூட்டக் கூடாது, அவர்களுக்கு அது மிகுதியாகவும் போகலாம்.

கல்சியம் குறைந்தால் வரும் பிடிப்புக்குத் தனி வடிவம் உண்டு. மணிக்கட்டு உள்ளே மடங்கி, விரல்கள் நேராக ஒன்றுசேர்ந்து, பெருவிரல் உள்ளே ஒடுங்கும். உதட்டைச் சுற்றிக் கூசும். தைரொயிட் சுரப்பியை வெட்டி எடுத்தவருக்கு இது வரக்கூடும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போதும் இதே மாதிரி வரும். ஆனால் மயஸ்தீனியா உள்ளவர் மூச்சு வாங்கினால் "பயத்தில்தான்" என்று அருகிலிருப்பவர் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் மூச்சையும் இரத்தத்தில் கல்சியத்தையும் பார்க்க வேண்டும்.

தைரொயிட்டுக்கும் மயஸ்தீனியாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. எதிர்ப்புச் சக்தி ஒரு இடத்தில் தடம் மாறினால் இன்னொரு இடத்திலும் மாறுவதுண்டு. தைரொயிட் மந்தமானால் பிடிப்பு, மூட்டு விறைப்பு, மணிக்கட்டு நரம்பு நெரிபடுதல் மூன்றும் ஒன்றாக வரலாம். குளிர் தாங்க முடியாமலும் போகும். நுவரெலியாவில் யாருக்குத்தான் குளிரவில்லை என்று இந்த அறிகுறி கண்ணில் படாமலே போய்விடும் என்பதால், நீண்ட நாள் விறைப்பு உள்ளவர் கிளினிக்கில் ஒரு தடவை தைரொயிட் இரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குவது நல்லது. மூட்டுவாதமும் இப்படிச் சேர்ந்து வரலாம். மூட்டு வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தால் குளிரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

பிரெட்னிசலோன் நீண்ட நாள் எடுப்பவருக்கு நீரிழிவு வரலாம் என்பது தெரிந்ததே. நீரிழிவு கையையும் விறைக்க வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கும்பிடுவதுபோல இரு கைகளையும் சேர்த்துப் பாருங்கள். விரல்கள் முழுதாக ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழுந்தால் தோலும் தசைநாணும் தடித்து இறுகுகின்றன என்று பொருள். மடக்கிய விரல் நிமிரும்போது "டக்" என்று சிக்கி விடுபடுவதும் நீரிழிவுள்ளவரிடம் அதிகம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. கொலஸ்ட்ரோலுக்குத் தரும் ஸ்டாட்டின் குளிசைகள் தசைவலியும் பிடிப்பும் தரலாம், சிலருக்கு மயஸ்தீனியாவையும் கூட்டலாம். தொடங்கிய தேதியைக் குறித்து வைத்தியரிடம் சொல்லுங்கள். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி உள்ள மிகச் சிலருக்கு, தூக்கத்திலும் நிற்காத தசைத் துடிப்போடு உடம்பு இறுகும் வேறொரு நோயும் சேர்வதுண்டு. இரவும் பகலும் ஓயாத துடிப்பு குளிசையின் கடிகாரத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிடிப்புக்கென்று வாங்கக் கூடாதவை

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதியிருக்க வேண்டும். "நரம்பு இழுக்குது" என்று பாமசியில் கேட்டால் கிடைக்கிற சில மருந்துகள் மயஸ்தீனியா உள்ளவருக்கு ஆபத்தானவை.

குவினைன் ஒரு காலத்தில் கால் பிடிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்டது. அது நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தையே பலவீனப்படுத்தும், ஆகவே இந்த நோயில் கூடவே கூடாது. குவினைன் கலந்த டொனிக் வோட்டர் பானத்தையும் தவிர்க்க வேண்டும். அடுத்தது மெக்னீசியம். பிடிப்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் வெளியாவதைக் குறைக்கிறது. ஏற்கனவே கேட்கும் காது குறைந்த இடத்தில் குரலையும் அடைப்பது போன்றது. சாப்பாட்டில் உள்ள மெக்னீசியத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. மெக்னீசியக் குளிசையும், மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிவுக்கும் குடிக்கும் மெக்னீசியம் பால்மருந்தும் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். ஊசியாக ஏற்றும் மெக்னீசியமோ மூச்சையே நிறுத்தக்கூடும். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வராமலிருக்க அதைத்தான் ஏற்றுவார்கள். ஆகவே கர்ப்பிணித் தாய்க்கு மயஸ்தீனியா இருப்பது கர்ப்பிணிக் கிளினிக்கிலும் பிரசவ வாட்டிலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தசையைத் தளர்த்தும் குளிசைகளும் தூக்க மருந்துகளும் தளர்ச்சியைக் கூட்டும். தடிமனுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் சாதாரணமாக எழுதப்படும் சிப்ரொப்ளொக்சசின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின், ஊசியாகப் போடும் ஜென்டாமைசின், பிரஷருக்கும் படபடப்புக்கும் தரும் அட்டனலோல், புரொப்ரனலோல் எல்லாம் இதே கணக்கில்தான் வருகின்றன. எந்த மருந்துத் துண்டு எழுதப்படும் முன்பும் "எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ்" என்று சொல்லியாக வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியிலும் அப்படித்தான், பல் பிடுங்கும் இடத்திலும் அப்படித்தான். கிளினிக் கொப்பியின் அட்டையில் பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிவிடுவது மேல். பேச்சுக் குழறும் நாளில் கொப்பி பேசும்.

குளிரும் சூடும்

குளிர் நோய்க்கு நல்லது, மூட்டுக்குக் கெட்டது. விந்தையாகத் தோன்றும், உண்மை அதுதான். குளிர்ச்சியில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி மந்தமாகிறது, கட்டளை கொஞ்சம் நீடிக்கிறது. தொங்கும் இமையின் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து, இமை உயர்கிறதா என்று வைத்தியர் பார்க்கும் சோதனை இதன் அடிப்படையில் வந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் புல்லில் உறைபனி விழுந்திருக்கும்போது, கண் நன்றாகத் திறந்து, விரல் மட்டும் மடங்காமல் இருக்கலாம். அந்த விரலுக்குத் தேவை சூடு. குளிசையைக் கூட்டுவது அல்ல.

சூட்டுக்கும் அளவு உண்டு. மிதமிஞ்சிய வெந்நீர்க் குளியலில் உடம்பு முழுவதும் தளர்ந்து, எழும்ப முடியாமல் போனவர்கள் உண்டு. கையை மட்டும் சூடாக்குங்கள். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து முழங்கையால் தொட்டுப் பாருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். மணிக்கட்டு மூழ்க ஐந்து நிமிடம் வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரலை மெல்ல விரித்து மூடுங்கள். எடுத்ததும் ஈரமில்லாமல் துடைத்துக் கம்பளிக் கையுறை போடுங்கள். ஈரக் கையோடு வாசலுக்கு வந்தால் முன்பைவிட விறைக்கும். சூடு காட்டிய கை சற்று நேரம் தளர்ந்திருக்கலாம். அடுப்பிலிருந்து கொதிக்கும் கேத்தலைத் தூக்க அது நேரமல்ல. சித்தாலேப போன்ற தைலம் தோலுக்குச் சூடு தரும், பூசலாம். பூசிய கையை உடனே வெந்நீரிலோ அடுப்புச் சூட்டிலோ காட்டினால் தோல் வெந்துவிடும்.

பிடிப்பு வந்த நொடியில் செய்யும் வேலையை விடுங்கள். பிடித்த விரலை உதறவோ சுண்டி இழுக்கவோ வேண்டாம். மற்றக் கையால் அந்த விரலை, பிடிப்பு இழுக்கும் திசைக்கு எதிராக, வலி தாங்கும் எல்லை வரை மெதுவாகத் திறந்து, 20 அல்லது 30 வினாடி அப்படியே பிடித்திருங்கள். மூன்று முறை போதும். மற்றக் கையிலும் பலமில்லை என்றால் உள்ளங்கையைத் தொடையின் மேலோ மேசையின் மேலோ தட்டையாக வைத்து, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்தால் உடம்பின் பாரமே விரலைத் திறந்துவிடும். அடங்கிய பிறகு பெருவிரலடிச் சதையை வட்டமாகத் தடவிவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கையை ஓயவிடுங்கள். உடனே வேலைக்குத் திரும்பினால் அதே இடத்தில் மறுபடி பிடிக்கும்.

விறைப்புக்கு விரல் நாண்களை ஓடவிடும் பயிற்சி நல்லது. விரல்களை நேராக நீட்டுவது, நுனிகளை மட்டும் கொக்கிபோல மடக்குவது, முழு முட்டி பிடிப்பது, விரல்களை நேராக வைத்து அடி மூட்டில் மட்டும் மேசைபோல மடக்குவது. ஒவ்வொன்றும் ஐந்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை, குளிசை போட்டு ஒரு மணி நேரம் கழித்து. மூன்றாவது முறையிலேயே விரல் வேகம் குறைந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஐந்து என்பது கணக்குக்காக, கட்டாயத்துக்காக அல்ல. பந்தை வைத்து இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைப் பலர் சொல்லிக்கொடுப்பார்கள். பிடிக்கும் தசையே ஏற்கனவே பிடிப்பில் இருக்கிறது, நிமிர்த்தும் தசையோ தளர்ந்திருக்கிறது. பந்து அந்த ஏற்றத்தாழ்வைக் கூட்டும். பலம் சேர்க்கும் பயிற்சி வேண்டுமென்றால் பிசியோதெரபி பிரிவில் கேட்டு, நோய் அடங்கியிருக்கும் காலத்தில் செய்யுங்கள்.

கொழுந்தும் அடுப்படியும்

கையின் சின்னத் தசைகளுக்குக் கொழுந்து எடுப்பதைப் போன்ற சோதனை வேறில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒடிகிறது. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் கேட்கும் அளவை எட்ட அதே அசைவு ஆயிரக்கணக்கான முறை. தோளும் முழங்கையும் எந்நேரமும் உயர்ந்தே நிற்கின்றன. கூடைக் கயிறு தலையில் தொங்க, கழுத்தின் பின் தசை பாரம் தாங்குகிறது. மயஸ்தீனியா அதிகம் பிடிக்கும் தசைகளில் கழுத்தும் தோளும் உண்டு என்பதால், கைப்பிடிப்பைவிடத் தலையில் தொங்கும் கூடையே எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. கயிற்றைத் தலையிலிருந்து தோளுக்கு மாற்றுவதும், நிறுவைக்குக் காத்திராமல் பாதிக் கூடையிலேயே சாக்கில் கொட்டிவிடுவதும் பாரத்தைக் குறைக்கும். விரல் தொங்கும் வரை எடுத்துவிட்டு ஓய்வதைவிட, இருபது நிமிடம் எடுத்து ஐந்து நிமிடம் கையைத் தொங்கவிட்டு நிற்பது அதிகக் கொழுந்து தரும். முழுதாகத் தளர்ந்த தசை திரும்ப வெகுநேரம் எடுக்கும். நாற்று மேடை போன்ற உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற, வைத்தியரின் கடிதத்தில் நோயின் பெயரோடு "திரும்பத் திரும்பச் செய்யும் கைவேலையில் தளர்ச்சி வரும்" என்ற வரியும் இருக்கச் சொல்லுங்கள். காலையில் நன்றாக இருப்பவர் பத்து மணிக்குத் தளர்வதை நோய் என்று நம்பாமல் சோம்பல் என்று பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வரி அவர்களுக்காக.

வீட்டில் கையைக் கொல்லும் வேலை துணி பிழிவது. நனைந்த ஜம்பரை இரு கையால் முறுக்கக் கூடாது. பீலிக் குழாயில் மாட்டி, இரு முனையையும் சேர்த்து, முன்கையைச் சுற்றிவிட்டு உடம்பைத் திருப்பினால் விரலுக்கு வேலையில்லை. வாளியைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். ரொட்டி மாவை விரலால் பிசைவதைவிட உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தலாம். வெந்நீரில் குழைத்தால் மாவு இளகி வேலை குறையும். கத்திப் பிடியிலும் கரண்டியிலும் பேனையிலும் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றினால் பிடி தடிக்கும். தடித்த பிடிக்குக் குறைந்த பலம் போதும். தேங்காய் திருவும் வேலையை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அதைச் செய்ய நல்ல வழி எதையும் நாங்கள் காணவில்லை.

குளிசைப் போத்தலும் குறிப்புக் கொப்பியும்

பைரிடோஸ்டிக்மின் ஈரத்தை உறிஞ்சும். மூடுபனி தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவுக்குள்ளேயே வந்துபோகும் இடத்தில் கடதாசி உறையில் போட்ட குளிசை பிசுபிசுத்துக் கெட்டுவிடும். மூடி இறுகிய அதன் சொந்தப் போத்தலில், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்காமல் வையுங்கள். அடுப்பு மேட்டிலும் வேண்டாம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பல நோயாளிகள் பட்ட பாட்டை மறக்க முடியாது. மண்சரிவில் பாதை அடைபடும் மழைக்காலத்துக்காவது இரண்டு வாரத்துக்கான குளிசை கையிருப்பில் இருக்கட்டும்.

கண்டி, பேராதனை, பதுளை, நுவரெலியா என்று பஸ் ஏறிப்போய் கிளினிக்கில் வைத்தியரைப் பார்க்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "கை விறைக்குது" என்று சொன்னால் அந்த நிமிடங்கள் வீணாகும். போவதற்கு முந்திய ஏழு நாளும் ஒரு கொப்பியில் மூன்று விடயங்களை மட்டும் எழுதுங்கள்: குளிசை போட்ட நேரம், கையில் தொல்லை வந்த நேரம், வந்தது தொங்கலா பிடிப்பா இறுக்கமா மரப்பா. பிடித்த கையை போனில் பத்து வினாடி வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. கிளினிக்குக்குப் போகும் நேரத்தில் பிடிப்பு இருக்காது, வீடியோ இருக்கும். பொட்டாசியம், கல்சியம், சீனி, தைரொயிட் நான்கையும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கேளுங்கள்.

கையோடு நிற்காமல் போகும் நாளும் வரலாம். சாப்பாடு தொண்டையில் நிற்பது, தண்ணீர் மூக்கால் வருவது, மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்குவது, தலை நிமிராமல் முன்னால் விழுவது, இருமலுக்குப் பலமில்லாதது இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஆழமாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று நன்றாக இருக்கும் நாளிலேயே பார்த்து எழுதி வையுங்கள். அது பாதியாகக் குறைந்தாலோ 20ஐத் தொடாமல் நின்றாலோ உடனே புறப்பட வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கும் ஒக்சிஜன் கருவி 98 காட்டுகிறது என்று இருந்துவிட வேண்டாம். இந்த நோயில் மூச்சுத் தசை தளர்ந்து வெகுநேரம் கழித்தே அந்த எண் இறங்கும். மருந்து கூடியும் இந்த நிலை வரலாம், குறைந்தும் வரலாம். அதை வீட்டில் பிரிக்க முடியாது, ஆகவே வழியில் கூடுதல் குளிசை கொடுக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. ஆனால் அது லயத்து வாசல் வரை ஏற முடியாத தோட்டங்கள் பல. எந்தச் சந்தியில் வண்டி நிற்கும், அங்கே வரை நோயாளியைக் கதிரையில் வைத்துத் தூக்குவது யார், கிளினிக் கொப்பியையும் குளிசைப் போத்தலையும் எடுப்பது யார் என்று வீட்டில் இப்போதே பேசி, அந்தச் சந்தியின் பெயரைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.